எல்லாவற்றுக்கும் ஓம்

அந்தக் கடையைப் பற்றி இணையத்தில் எழுதியிருக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே விஷயத்துக்குத்தான் வருகிறார்கள். ஜெர்மன்காரன் எழுதினாலும் சரி, மிலானோவிலிருந்து வந்த புதுக் கலியாணச் சோடி எழுதினாலும் சரி, கேட்டதெல்லாம் கிடைத்தது, முதலாளி எதற்கும் முகம் சுளிக்கவில்லை என்றுதான் முடிக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம், இடையில் யாரோ ஒரு கஞ்சன் நான்கு. கடை கைமாறி வருஷங்களாகிவிட்டன. இப்போது அந்த இடத்தில் கைபேசி திருத்துகிறார்கள். ஆனால் இணையத்தில் அந்தப் பக்கம் மட்டும் அழியாமல் கிடக்கிறது. என் மகள் எப்போதாவது அதைத் தேடி எடுத்து, சிசிலிப் பிள்ளைகள் இழுக்கிற மாதிரி இழுத்து இழுத்து இத்தாலியனில் எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

"அம்மா, நீங்கள் ஏன் ஒண்டும் எழுதேல்லை? எல்லாரையும் விட நீங்கள்தானே அங்கை கனக்கச் சாப்பிட்டனீங்கள்?"

நான் எழுதுவதென்றால் நட்சத்திரத்தோடு முடியாது. அதனால்தான் அங்கே எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

பலேர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தையில் மீன்காரர்கள் தண்ணீர் தெளித்துக் கத்துகிற இடத்தைத் தாண்டி, வங்காளியின் பலசரக்குக் கடையோடு திரும்பினால் ஒரு ஒடுங்கிய சந்து. அதற்குள்தான் ஆறு மேசை போட்ட அந்த மெக்சிக்கன் சாப்பாட்டுக்கடை இருந்தது. முதலாளி யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருடைய சொந்தக்காரர் யாராவது ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்துவார்கள். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். அதுவே போதும்.

ஒரு காலத்தில் கப்பல் குசினியில் வேலை செய்தவராம். கப்பல் பழுதாகி மெக்சிக்கோவில் வெராகுரூஸ் துறைமுகத்தில் எட்டு மாதம் கிடந்ததாம். அங்கேதான் சோள ரொட்டி சுடப் பழகினாராம். இந்த 'ஆம்' எல்லாம் நான் பிறகு சேர்த்தது. அந்த நாளில் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். சும்மா சொல்லக்கூடாது, ரொட்டி சுடுகிற கை அவருக்கு இருந்தது. சுவரில் பெரிய வட்டத் தொப்பி ஒன்று, அதற்குப் பக்கத்தில் இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியா படம், அதற்குக் கீழே மடு மாதா. குட்டையான ஆள், தோளில் எப்போதும் ஒரு துவாய். நீங்கள் ஏதாவது கேட்கத் தொடங்கினால், கேள்வி முடியுமுன்னமே தலை ஆடத் தொடங்கிவிடும். இத்தாலியர் என்றால் "சி, சி," அவர்கள் பாஷையில் ஆம். எங்கள் ஆட்கள் என்றால் "ஓம், ஓம்." எப்போதும் இரண்டு தரம் சொல்வார். இல்லை என்ற சொல்லை அந்த மனுசனின் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை.

ஒருநாள் ஒரு சிசிலிக் குடும்பம் வந்தது. கூட வந்த சின்னப் பெட்டை ஒரே அழுகை, தக்காளிக் குழம்பு போட்ட பாஸ்தாதான் வேண்டுமாம். தாய் வெட்கப்பட்டுக்கொண்டு, பாஸ்தா இருக்குமா என்று கேட்டாள். "சி, சி!" என்றார். பின்கதவால் இறங்கி எதிர்ப்பக்கச் சாப்பாட்டுக்கடைக்கு ஓடி, ஒரு தட்டுப் பாஸ்தாவை ஏப்ரனுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். மேசையில் வைக்கும்போது, தானே நின்று சமைத்தவர் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு மூன்று தமிழர் மூலை மேசையில் இருந்து வாயைப் பொத்திச் சிரித்தோம். அவர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நீ மெக்சிக்கோக்காரனா என்று கேட்டால், சி, சி. பெரு நாட்டுக்காரனா என்றால், அதுவும் சி, சி. ஒருமுறை உல்லாசக் கப்பலிலிருந்து உண்மையான மெக்சிக்கோக்காரி ஒருத்தி இறங்கி வந்துவிட்டாள். போச்சுடா, இன்றைக்கு மனுசன் மாட்டினார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் ஊர் மீன் சூப் ஒன்றின் பெயரைச் சொல்லி அது இருக்கிறதா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்குள் போனார். அரை மணித்தியாலம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒரு பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தது எங்கள் தீவுக் கூழ்! புளியும் செத்தல் மிளகாயும் மணக்கிறது, நண்டுக்கால் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். இன்னும் ஒரு கரண்டி அள்ளினாள். பிறகு, இதேதான், இதேதான் என்று சொல்லி இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள். அவளும் அவரைப் போல எதற்கும் ஓம் போடுகிற ஒருத்தியாக இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொரு நாள் பல்கலைக்கழகத்துப் பெட்டை ஒருத்தி, எனக்கு உறைப்பு ஆகவே ஆகாது, இதில் உறைப்பு இல்லைத்தானே என்று கேட்டாள். "சி, சி," என்றார். இரண்டாவது வாயிலேயே அவளுக்கு முகம் சிவந்து கண்ணால் மூக்கால் தண்ணீர் ஓடியது. அவர் பதறிப்போய் ஐஸ்கிரீம் கொண்டுவந்து கொடுத்து, விசிறிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, கடைசியில் அவளே சிரித்துவிட்டாள். அன்றைக்குக் கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் அங்கே போகத் தொடங்கியது வேலை காரணமாக. காலையில் சிஞோரா என்று நான் கூப்பிடுகிற ஒரு இத்தாலிய அம்மாவின் வீடு துடைப்பேன், பின்னேரம் இரண்டு கட்டடங்களின் படிகள் கழுவுவேன். இடையில் ஒன்றரை மணித்தியாலம். வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. மன்னாரில் எங்கள் வீட்டில் மத்தியானம் தனிய இருந்து யாரும் சாப்பிட்டதில்லை. இங்கே சந்தைப் படிக்கட்டில் குந்தியிருந்து பாண் கடித்துக் கடித்து எனக்கு அலுத்துவிட்டது. அவருடைய கடையில் என்னை "வாரும் தங்கச்சி, இரும்" என்று கூப்பிட ஒரு ஆள் இருந்தது. சிஞோரா ஏசினால் அவரிடம் சொல்லுவேன். காலில் சவர்க்காரத் தண்ணீர் பட்டுப் புண்ணானால் அவரிடம் காட்டுவேன். "எல்லாம் சரி வருமோ அண்ணை?" என்றால் "ஓம், ஓம்" என்பார். அது எனக்கு மருந்து மாதிரி இருந்தது.

மகளுக்கு நாலு வயதில்தான் இதயத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. ஓடினால் உதடு நீலம் பாரிக்கும். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், குளிர்காலம் போகட்டும், பிள்ளைக்கு எடை கூடட்டும், ஈஸ்டருக்குப் பிறகு திறந்து தைப்போம் என்றார். துணி தைக்கிறதைப் போலச் சொன்னார். நான் வெளியே வந்து நேரே போனது அவருடைய கடைக்குத்தான். என் மனுசன் துறைமுகத்தில், சார்தேனியாவுக்குப் போகிற கப்பலில் துப்புரவு வேலையில் நின்றார். அவருக்குச் சொல்லுமுன் இவருக்குத்தான் சொன்னேன். அண்ணை எனக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அதை இப்போதும் நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

அடுத்த நாளே நேர்த்தி வைத்தேன். மடு மாதாவுக்கும் சாந்தா ரொசாலியாவுக்கும் சேர்த்து. ஒருத்தி எங்கள் ஊர்க்காரி, ஒருத்தி இந்த ஊர்க்காரி, இரண்டு பேரில் ஒருவராவது கேட்கட்டும் என்று. பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வரும்வரை மச்ச மாமிசம் எதுவும் என் வாயில் படாது. ஒவ்வொரு ஞாயிறும் செருப்பில்லாமல், சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிற பெல்லெக்ரினோ மலை ஏறுவேன். எங்கள் ஆட்கள் வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் எல்லோரும் ஏறுகிற மலைதான். ஆனால் செருப்பில்லாமல் ஏறிப் பாருங்கள், அப்போது தெரியும்.

மலை ஏறுவதைவிட மச்சம் இல்லாமல் சாப்பிடுவதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. இந்த ஊரில் பாணுக்குள் மண்ணீரல் வைப்பார்கள், சோற்று உருண்டைக்குள் இறைச்சி வைப்பார்கள். பனெல்லே என்று கடலைமாவில் ஒரு பொரியல் இருக்கிறது. அதையே ஒரு கிழமை தின்று நெஞ்செரிவு வந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒருநாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் அவருடைய கடைக்குப் போய், நேர்த்தியைச் சொன்னேன். அவரிடம் கௌப்பிக் களி இருந்தது. சிவத்த பயற்றங்கொட்டையை அவித்து மசித்துத் தாச்சியில் வதக்கி, சோள ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டித் தருவார். அதற்கு மெக்சிக்கோவில் வேறு பெயர், எங்கள் ஆட்களுக்கு அது கௌப்பிக் களிதான்.

"இதுக்குள்ளை இறைச்சி ஒண்டும் இல்லைத்தானே அண்ணை?"

"ஓம், ஓம். ஒண்டும் இல்லை."

"மரக்கறி எண்ணெய்தானே?"

"ஓம், ஓம். நீர் யோசியாதையும். உமக்கெண்டு நான் தனிக் கோப்பையே வைக்கிறன்."

கோப்பை என்றால் எங்கள் பக்கத்தில் தட்டு. சொன்னபடியே அடுத்த நாள் ஒரு நீலக் கோப்பை வாங்கி வைத்தார். ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டது. அதில் வேறு யாருக்கும் போடமாட்டார். இறைச்சி பட்ட கரண்டி அதில் படவும் விடமாட்டார். தானே தனியாகக் கழுவி, மாதா படத்துக்குக் கீழே கவிழ்த்து வைப்பார். யாராவது கேட்டால், "அது எங்கடை தங்கச்சியின்ரை நேர்த்திக் கோப்பை" என்று பெருமையாகச் சொல்லுவார். களியும் என்ன ருசி! ஒருநாள் வாய்விட்டே சொன்னேன், அண்ணை, எங்கடை வீட்டிலை செய்தா உப்பிடி வராது என்று. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள், மொரீசியஸ்காரி. பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன பரம்பரை. முருகன் பாட்டு எல்லாம் தமிழில் பாடுவாள், கதைக்கத் தமிழ் வராது. நான் அவளை அக்கா என்பேன், மற்றதெல்லாம் இத்தாலியன். நான் படி கழுவுகிற கட்டடத்தில் ஒரு கிழவியைப் பார்க்கிற வேலை அவளுக்கு. தைப்பூசத்துக்கு அவர்கள் பத்து நாள் விரதம் இருப்பார்கள். மச்சம், முட்டை எதுவும் கிட்டவும் வராது. அந்த வருஷம் அவள் என் பிள்ளைக்காகப் பாற்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். எனக்கு அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. அவளும் மத்தியானத்தில் எங்கே சாப்பிடுவது என்று தவித்தாள். நான்தான் அவளை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

வாசலில் நின்று, "இங்கே சுத்தமாக இருக்குமா? நீ உறுதியாகச் சொல்கிறாயா?" என்று கேட்டாள்.

"அக்கா, நான் மாதக்கணக்காகச் சாப்பிடுகிறேன். என் பிள்ளைமேல் ஆணை."

பிள்ளைமேல் ஆணை என்று சொன்னேன். பத்து நாளும் அவள், நான் கேட்டு வாங்கிக் கொடுத்த என் நீலக் கோப்பையில் அதே களியைச் சாப்பிட்டாள். பதினோராம் நாள் பாற்குடம் எடுத்தாள்.

ஈஸ்டர் வந்து போனது. ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள், ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் நான் வழக்கம்போல் மூலை மேசையில் நீலக் கோப்பையோடு இருந்தேன். அடுத்த மேசையில் ஒரு கிழவர், கபோச் சந்தையில் முன்பு இறைச்சிக்கடை வைத்திருந்தவராம், முதன்முதலாகக் களி சாப்பிட்டார். ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"இதில் ஸ்ட்ருத்தோ போட்டிருக்கிறாய், என்ன? என் அம்மாவின் கைமணம் வருகிறது."

"சி, சி, சிஞோரே! ஸ்ட்ருத்தோ இல்லாமல் எப்படி? உங்கள் கபோவில்தான் வாங்குகிறேன்," என்றார் இவர், கல்லாவிலிருந்து உற்சாகமாக.

ஸ்ட்ருத்தோ என்றால் பன்றிக் கொழுப்பு. உருக்கி வடித்து உறையவைத்தது. இந்த ஊரில் பாணுக்கும் பலகாரத்துக்கும் போடுவார்கள். இத்தனை வருஷம் சிஞோராமாரின் குசினிகளைத் துடைத்த எனக்கு அது தெரியாதா? ரொட்டித் துண்டு என் கையில் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். அவருடைய தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷத்தில்கூட நான் அவர் பக்கம்தான் நின்றேன். இந்த மனுசன் ஆர் என்ன கேட்டாலும் ஓம் போடுகிற ஆள், கிழவரைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். எழும்பிப் போய்க் கேட்டேன்.

"அண்ணை, கிழவருக்குச் சொன்னது பொய்தானே?"

"ஓம், ஓம் தங்கச்சி. சும்மா சொன்னனான்."

மூச்சு வந்தது எனக்கு. அப்புறம்தான் உறைத்தது, இவரிடம் எப்படிக் கேட்டாலும் இதே பதில்தானே வரும்.

"இல்லாட்டி எனக்குச் சொன்னதுதான் பொய்யோ?"

தலை ஆடத் தொடங்கியது. பாதியில் நின்றது. நான் அவரை விலத்திக்கொண்டு குசினிக்குள் போனேன். அதுவரை ஒருநாளும் அதற்குள் போனதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வாளி. மூடியில் சிரிக்கிற பன்றிப் படம். பாதிக்கு மேல் வழித்தாகிவிட்டது, அகப்பை அதற்குள்ளேயே நின்றது. பக்கத்துத் தாச்சியில் என் களி.

"அண்ணை, இது என்ன?"

அவர் வாசற்படியில் நின்றார். "தங்கச்சி, இது இறைச்சி இல்லைத்தானே. வெறும் கொழுப்பு. இஞ்சை பாணுக்கே போடுறாங்கள்."

"எண்ணெய்தானே எண்டு நான் கேட்டனான்."

"ஓம்."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"ஏன் அண்ணை?"

அந்தக் கேள்விக்கு ஓம் சொல்ல முடியாது. துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார், ஈரமில்லாத கையை. "அண்டைக்கு நீர் வந்த கோலத்தைப் பாத்தன். காலமை தொட்டு ஒண்டும் சாப்பிடாமல் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். களி ஆக்கி இருந்தது. கொழுப்பு இருக்கு எண்டு சொன்னா எழும்பிப் போயிருப்பீர். ஒருநாள்தானே எண்டு நினைச்சன். பிறகு நீர் ஒவ்வொரு நாளும் வந்தனீர். எப்பிடிச் சொல்லுறது, சொல்லும் பாப்பம்?"

"அடுத்த நாளே எண்ணெயிலை செய்திருக்கலாமே!"

"எண்ணெயிலை அந்த ருசி வராது தங்கச்சி. நீர் ருசி எண்டு சொன்னனீர்."

கடவுளே! அதைச் சொல்லும்போதும் அவருடைய முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. வாடிக்கையாளர் பாராட்டியதை மாற்றக்கூடாது என்கிற முதலாளி முகம். 

"அப்ப உந்தக் கோப்பை? தனிய கழுவி வைச்சது? கரண்டி படாமல் காத்தது?"

"அது உமக்கு ஒரு நிம்மதிக்கு."

எனக்கு அடிக்கவேண்டும் போல இருந்தது. அந்த வாளியைத் தூக்கி அவருடைய தலையில் கவிழ்க்கவேண்டும் போல இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. ஏழு மாதம் பன்றிக் கொழுப்பைத் தின்ற வாயால் ஏழு மாதம் மாதாவைக் கூப்பிட்டிருக்கிறேன். கால் வெடிக்க மலை ஏறியிருக்கிறேன். போதாததற்கு அக்காவையும் கூட்டிவந்து, பிள்ளைமேல் ஆணையிட்டு அவள் விரதத்தையும் கெடுத்திருக்கிறேன்.

"புதன்கிழமை என்ரை பிள்ளையின்ரை நெஞ்சைத் திறக்கப் போறாங்கள்," என்றேன்.

"ஒண்டும் நடக்காது தங்கச்சி. நான் சொல்லுறன்."

"நீங்கள் சொல்லாதேங்கோ!"

கிழவர் முள்ளுக்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து சந்தின் முனையில் வாயில் விரல் விட்டு வாந்தி எடுத்தேன். அன்றைக்குச் சாப்பிட்டது வந்தது. மற்ற நாளெல்லாம் சாப்பிட்டதை எப்படி எடுப்பது?

என் மனுசன், "தெரியாமல் சாப்பிட்டதுதானே, விடுமப்பா," என்றார். ஞாயிறு பூசை முடிந்து சுவாமியிடம் போனேன். அவர் நல்ல மனுசன், எங்கள் தேவாலயத்துத் தமிழ்ச் சுவாமி. "தெரியாமல் செய்தது பாவமில்லை மகள். உம்மடை மனதிலை நேர்த்தி முறியேல்லை," என்று சொல்லி ஆசீர்வாதம் தந்தார். எல்லோரும் இலேசாகச் சொல்லிவிட்டார்கள். நேர்த்தி என் மனதிலா இருந்தது? வாயில் அல்லவா இருந்தது? அன்றைக்கும் மலை ஏறினேன். குகைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கிற அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் இறங்கி வந்தேன்.

புதன்கிழமை காலை பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். என் விரலை விடமாட்டேன் என்றாள். தாதி மெல்லக் கழற்றி எடுத்தாள். கதவு மூடினதும் செபமாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் நாக்கில் அந்தக் களியின் ருசி வருகிறது. மறுபடியும் தொடங்கினேன், மறுபடியும் அதே ருசி. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? பெற்ற பிள்ளைக்காகச் செபிக்க முடியாமல், அந்தக் கதவுக்கு முன்னால் கிடந்த நீள வாங்கில் சும்மா குந்தியிருந்தேன். கொழுப்பைத் தின்னத் தந்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். அந்த வாங்கில் இருந்த மணித்தியாலங்களை மட்டும் மறக்கமாட்டேன்.

வருகிற போகிற டொக்டர்மாரை எல்லாம் மறித்துக் கேட்டேன். எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். "பார்ப்போம், சிஞோரா. பார்ப்போம்." சரி வரும் என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய் சொல்லாதா என்று எனக்கு உயிர் துடித்தது. என் மனுசன் கீழே ஏதோ கடதாசி கையெழுத்து வைக்கப் போயிருந்தார்.

அப்போதுதான் அவர் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். கையில் ஒரு துணியால் கட்டிய பொட்டலம். அவிழ்த்தார். நீலக் கோப்பையில் சோறும் பருப்பும்.

"தேங்காயெண்ணெயிலை தாளிச்சது. புதுச் சட்டி. சத்தியமாத் தங்கச்சி."

நான் அதைத் தொடவில்லை. அவர் வாங்கின் மற்றக் கோடியில் இருந்தார். எங்களுக்கு நடுவில் கோப்பை இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்தோம். ஏன் கேட்டேனென்று எனக்கே தெரியாது, வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"அண்ணை, பிள்ளை பிழைக்குமோ?"

"ஓம், ஓம்," என்றார். கேள்வி முடியுமுன்னமே தலை ஆடியது.

இத்தனை மணித்தியாலமாக நான் கெஞ்சிக் கேட்ட சொல். பலேர்மோ முழுக்கத் தேடினாலும் அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார். அவருடைய வாயிலிருந்து வந்ததால் அது எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. பாஸ்தாவுக்குச் சொன்ன அதே சி, சி. உறைப்பு இல்லை என்று அந்தப் பெட்டைக்குச் சொன்ன அதே சொல். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். தான் தந்த ஆறுதலால் அழுகிறேன் என்று நினைத்தாராக்கும், என் தலையைத் தடவினார். நான் கையைத் தட்டிவிட்டேன். அவர் எழும்பிப் போனார். அதன் பிறகு அவரை நான் கண்டதில்லை. அடுத்த வருஷம் கடையை விற்றுவிட்டு ஜெனோவாப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பிள்ளை பிழைத்தாள். அதை முதலிலேயே உங்களுக்குச் சொல்லிவிட்டேன், நட்சத்திரம் வாசித்துக் காட்டுகிறவள் அவள்தானே. இப்போது நெஞ்சில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. "பார், அந்த அண்ணை சொன்னது பலிச்சுப் போச்சு," என்று எங்கள் ஆட்கள் சிலர் சொன்னார்கள். அவர்களுடைய வாயை மூட நான் பட்ட பாடு.

பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். மொரீசியஸ் அக்கா பார்க்க வந்தாள். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம், பிள்ளைக்கு ஒரு சிவப்புச் சட்டை. மகளைத் தூக்கி மடியில் வைத்து, சட்டைக்கு மேலால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துத் தமிழில் "முருகா, முருகா" என்றாள். நான் தேத்தண்ணி போட்டேன். மகள் மடியால் இறங்கி ஓடிப்போய், தன்னால் முடியும் என்று காட்ட, அலுமாரியைத் திறந்து கேக் துண்டுகளை ஒரு கோப்பையில் அடுக்கிக் கொண்டுவந்தாள். நீலக் கோப்பை. அன்றைக்கு வாங்கில் கிடந்ததை என் மனுசன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கழுவி உள்ளே தள்ளி வைத்திருந்தேன், எறியவும் மனம் வரவில்லை.

அக்கா அதை உடனே அடையாளம் கண்டுவிட்டாள்.

"இது அந்தக் கடைக் கோப்பை அல்லவா? எனக்கும் இதில்தானே கேட்டு வாங்கித் தந்தாய்?" அவளுக்குக் கண் கலங்கியது. "நான் சின்ன வயதிலிருந்து விரதம் பிடிக்கிறேன். எப்போதும் எங்கேயோ ஒரு பிழை வந்துவிடும். இந்த முறைதான் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் முருகன் கேட்டான் என்று என் மனுசனிடம் சொன்னேன். அங்கே எல்லாம் சுத்தம்தானே, இல்லையா?"

மகள் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள். அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேள்வியை முடிக்கும் முன்பே என் தலை ஆடத் தொடங்கியிருந்தது.

"சி, சி," என்றேன்.

அவள் நிம்மதியாக ஒரு துண்டு கேக்கை எடுத்தாள். அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை, என் வாயில் வந்த அந்தப் பதிலையும் சேர்த்துத்தான்.